இலவசப் பயணம் கேட்கும் இன்ஃப்ளூயன்சர்கள்: காணொலிக்குப் பின்னால் உள்ள கணக்கும் சட்டமும்

மௌலா அலி (ஹைதராபாத்): விடுதி அறை, விமானப் பயணச்சீட்டு, ஸ்லீப்பர் பேருந்தில் படுக்கை ஆகியவற்றை நிறுவனங்களிடம் இலவசமாகப் பெற்று, அதற்கு ஈடாகக் காணொலி வெளியிடும் வழக்கம் சமூக ஊடக உலகில் வேரூன்றிவிட்டது. கேட்பவர் இதைக் 'கொலாப்' என்கிறார். கொடுக்க விரும்பாத விடுதி உரிமையாளர் 'ஓசி' என்கிறார். இந்தியச் சட்டமோ இதை விளம்பரம் என்ற ஒரே சொல்லில் அடக்குகிறது. பணம் கைமாறவில்லை என்பதால் மட்டும் அது விளம்பரம் இல்லை என்றாகிவிடாது.

ஆனால் கைபேசியில் அந்தக் காணொலியைப் பார்த்து, பண்டிகை விடுமுறைக்கு ஊர் செல்லப் பேருந்தையோ குடும்பத்துடன் தங்க விடுதியையோ முன்பதிவு செய்பவருக்கு இந்த வேறுபாடு பெரும்பாலும் தெரிவதில்லை. காணொலியில் பேசுபவர் தன்னைப் போலவே காசு கொடுத்துப் பயணித்தவர் என்றே அவர் நம்புகிறார். இலவசமாகப் பெற்ற படுக்கைக்கும் பணம் செலுத்திப் பெற்ற படுக்கைக்கும் இடையிலான வேறுபாடு அந்த நம்பிக்கையில் மறைந்துபோகிறது. இந்த விவகாரத்தின் மையம் இதுவே.

டப்ளினில் வெடித்த விவாதம்

இலவசத் தங்குமிடம் கேட்பது உலக அளவில் விவாதமானது 2018 ஜனவரியில். அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் உள்ள சார்ல்வில் லாட்ஜ் விடுதிக்கும் ஒயிட் மூஸ் கஃபேக்கும் உரிமையாளரான பால் ஸ்டென்சனுக்கு, பிரிட்டனைச் சேர்ந்த 22 வயது யூடியூபர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். காதலர் தினத்தையொட்டி ஐந்து இரவுகள் இலவசமாகத் தங்க அனுமதித்தால், தமது யூடியூப், இன்ஸ்டாகிராம் பக்கங்களில் விடுதியைக் காட்டுவதாக அவர் தெரிவித்திருந்தார். அப்போது அவரை யூடியூபில் சுமார் 87 ஆயிரம் பேரும், இன்ஸ்டாகிராமில் சுமார் 76 ஆயிரம் பேரும் பின்தொடர்ந்து வந்தனர்.

ஸ்டென்சன் அந்த மின்னஞ்சலை, அனுப்பியவரின் பெயரை மறைத்து, தமது விடுதியின் முகநூல் பக்கத்தில் வெளியிட்டார். இலவசமாகத் தங்க அனுமதித்தால், அறையைச் சுத்தம் செய்பவருக்கும் உணவு பரிமாறுபவருக்கும் சம்பளம் யார் கொடுப்பது என்பதே அவர் எழுப்பிய கேள்வி. பெயர் மறைக்கப்பட்டிருந்தபோதிலும் இணையவாசிகள் அந்தப் பெண்ணை அடையாளம் கண்டுகொண்டு வசைபாடத் தொடங்கினர். எதிர்த்தரப்பினர் விடுதியைத் தாக்கி எழுதினர். வலைப்பதிவர்கள் எவருக்கும் தமது நிறுவனத்தில் இடமில்லை என்று ஸ்டென்சன் அறிவித்தார். பின்னர், உலக ஊடகங்களில் அப்பெண்ணுக்குக் கிடைத்த விளம்பரத்துக்காக 52 லட்சம் யூரோவுக்கும் மேற்பட்ட தொகைக்கு ஒரு கேலிக் கட்டணச் சீட்டையும் வெளியிட்டார்.

அதன்பின் இத்தகைய மோதல்கள் வெவ்வேறு நாடுகளில் தலைதூக்கின. 2019 ஏப்ரலில் பிலிப்பைன்ஸின் சியர்காவ் தீவில் உள்ள ஒரு கடற்கரை உணவகம், இலவசமாக உண்ணவும் தங்கவும் கேட்டு ஏராளமான கோரிக்கைகள் வருவதாகக் கூறி அவற்றுக்குப் பகிரங்கமாகத் தடை விதித்தது. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஐஸ்கிரீம் வண்டி நடத்தும் ஜோ நிக்கி, இன்ஃப்ளூயன்சர்களுக்கு இரு மடங்கு விலை என்று பலகை வைத்தார். மறுத்தவர்களுக்கும் மறுப்பினாலேயே விளம்பரம் கிடைத்தது என்பது இச்சம்பவங்களில் உள்ள வேடிக்கை.

இந்த விவாதங்கள் பெரும்பாலும் கேட்பவரின் நாகரிகத்தைப் பற்றியே சுழன்றன. கேட்பது பிச்சையா, வணிகமா என்று இரு தரப்பும் வாதிட்டன. மூன்றாவது தரப்பான பார்வையாளரைப் பற்றி, அதாவது அந்தக் காணொலியை நம்பிப் பணம் செலவிடப்போகிறவரைப் பற்றி, அங்கு அதிகம் பேசப்படவில்லை.

காலி இருக்கையின் கணக்கு

இத்தனை எரிச்சலுக்கு இடையிலும் நிறுவனங்கள் ஏன் இணங்குகின்றன? விடை, பயணத் தொழிலின் இயல்பிலேயே உள்ளது. மளிகைக் கடையில் இன்று விற்காத பருப்பை நாளை விற்கலாம். இரவு 9 மணிக்குக் காலியாகப் புறப்பட்டுவிட்ட பேருந்துப் படுக்கையை மறுநாள் விற்க முடியாது. விடுதி அறையும் விமான இருக்கையும் அப்படியே. வாரநாளில், பருவமற்ற காலத்தில் காலியாகக் கிடக்கப்போகும் இடத்தை ஒருவருக்குக் கொடுப்பதால் நிறுவனத்துக்கு ஏற்படும் கூடுதல் செலவு, ஒரு துவைத்த விரிப்பும் ஒரு வேளை உணவும் மட்டுமே. அதே இடத்தின் விலைப்பட்டியல் மதிப்போ ஆயிரக்கணக்கில் இருக்கும்.

எடுத்துக்காட்டாக, ஓர் இரவுக்கு 8,000 ரூபாய் வாடகை உள்ள அறையை மூன்று இரவுகளுக்கு இலவசமாக அளித்தால், பெறுபவரின் பார்வையில் அது 24,000 ரூபாய். கொடுப்பவரின் செலவு அதில் ஒரு சிறு பகுதியாக இருக்கக்கூடும். நாளிதழிலோ தொலைக்காட்சியிலோ விளம்பரம் செய்வதைவிட இது மலிவு. ஆனால் பொங்கல், தீபாவளி போன்ற நெரிசல் நாள்களில் இதே கணக்கு தலைகீழாகிவிடும். விற்றுவிடக்கூடிய அறையை இலவசமாகக் கொடுப்பது நேரடி இழப்பு. காதலர் தின வாரத்தில் விடுதியைக் கேட்டதே டப்ளின் உரிமையாளரின் எரிச்சலுக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

நிறுவனத்தின் லாபக் கணக்கு எதுவாக இருந்தாலும், அந்தச் செலவு இறுதியில் அறை வாடகையிலும் பயணக் கட்டணத்திலும்தான் ஈடுசெய்யப்படுகிறது. இலவசமாகச் சென்றவரின் டிக்கெட்டில் ஒரு துளியை, அவரது காணொலியைப் பார்த்து முன்பதிவு செய்பவரே செலுத்துகிறார்.

மௌலா அலியில் ஒரு முன்மாதிரி

இலவசப் பயணம் இந்தியாவுக்குப் புதிதல்ல. அதற்கு எழுதப்பட்ட விதிகள் உண்டு என்பதற்கு ஹைதராபாத்தின் வடகிழக்குப் பகுதியில் உள்ள மௌலா அலியே சான்று. குன்றும் அதன் உச்சியில் உள்ள தர்காவும் இப்பகுதியின் பழைய அடையாளம். தெற்கு மத்திய ரயில்வேயின் என்ஜின் பணிமனையும் மண்டல ரயில்வே பயிற்சி நிறுவனமும் அதன் மற்றோர் அடையாளம். சனத்நகர் - மௌலா அலி இரட்டைப் பாதையும், காட்கேசரிலிருந்து இவ்வழியாக லிங்கம்பள்ளி செல்லும் எம்எம்டிஎஸ் புறநகர் ரயில் சேவையும் 2024 மார்ச் 5 அன்று பிரதமர் நரேந்திர மோடியால் தொடங்கி வைக்கப்பட்டன.

இங்கு பணிபுரியும் ரயில்வே ஊழியர்களுக்கு இலவசப் பயணச் சலுகை உண்டு. ஆனால் அது யாருடைய தயவிலும் கிடைப்பதில்லை. 1986ஆம் ஆண்டின் ரயில்வே பணியாளர் பாஸ் விதிகள், யாருக்கு, எந்த வகுப்பில், ஆண்டுக்கு எத்தனை முறை, குடும்பத்தில் யார் யாருக்கு என்பதை வரையறுத்துள்ளன. பாஸில் பயணிப்பவரின் பெயர், வழித்தடம், செல்லுபடியாகும் காலம் ஆகியவை இருக்கும். 2020 முதல் இந்த நடைமுறை இணையவழி இ-பாஸ் முறைக்கு மாற்றப்பட்டுள்ளது. ஒவ்வொரு பயணமும் பதிவாகிறது. பரிசோதகர் கேட்டால் காட்ட வேண்டும்.

அரசுப் பேருந்துகளிலும் இதே ஒழுங்கைக் காணலாம். தெலங்கானாவில் 2023 டிசம்பர் 9 அன்று தொடங்கிய மகாலட்சுமி திட்டத்தின் கீழ் பெண்களுக்கு நடத்துநர் பூஜ்யக் கட்டண டிக்கெட் வழங்குகிறார். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணத் திட்டத்திலும் அவ்வாறே டிக்கெட் உண்டு. பணம் வாங்காவிட்டாலும் சீட்டுக் கிழிக்கப்படுகிறது. எத்தனை பேர் பயணித்தனர், அதற்கான தொகையை அரசு எவ்வளவு ஈடுசெய்ய வேண்டும் என்பது அதன் மூலமே கணக்கிடப்படுகிறது. இலவசம் என்பது அனைவருக்கும் தெரிந்தே நடக்கிறது.

'ஓசி' என்ற தமிழ் வழக்குச் சொல்லுக்கே இத்தகைய ஒரு பின்கதை கூறப்படுவதுண்டு. கிழக்கிந்திய கம்பெனியின் தபால்களில் 'ஆன் கம்பெனி சர்வீஸ்' என்று பொறிக்கப்பட்டிருந்தால் கட்டணம் இல்லை. அந்த முத்திரையின் சுருக்கமே நாளடைவில் 'ஓசி' ஆனது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அது உண்மையாயின், அந்தக் கால ஓசிக்கும் முத்திரை இருந்தது. உறையைப் பார்த்தவுடன், இது கம்பெனி வேலையாகப் போகும் கடிதம் என்பது தெரிந்தது. இன்றைய இலவசக் காணொலிகளில் பலவற்றில் இல்லாதது அந்த முத்திரைதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'பரிந்துரை' என்பதற்கு அளிக்கும் விளக்கத்தில் பணம் என்ற நிபந்தனையே இல்லை. ஒருவரின் கருத்து, அனுபவம் என்று நுகர்வோர் நம்பும்படி வெளியாகும் எந்தச் செய்தியும் அதில் அடங்கும். தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுப்பதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் 9 அன்று வெளியிட்டது. பரிந்துரைப்பவருக்கும் நிறுவனத்துக்கும் இடையே, பார்வையாளர் எதிர்பார்த்திராத தொடர்பு இருந்து, அது பரிந்துரையின் நம்பகத்தன்மையைப் பாதிக்கக்கூடுமாயின், அதை முழுமையாக வெளிப்படுத்த வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

சமூக ஊடகப் பிரபலங்களுக்கென்றே தனி வழிகாட்டியை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரி 20 அன்று வெளியிட்டது. பணம் மட்டுமல்லாமல் இலவசப் பொருள்கள், தள்ளுபடிகள், பரிசுகள், பயணங்கள், விடுதியில் தங்குதல், பண்டமாற்று ஆகியவையும் 'பொருள்சார் தொடர்பு' என்று அதில் வகைப்படுத்தப்பட்டுள்ளன. கேட்காமலேயே நிறுவனம் அனுப்பிவைத்த இலவசமும் இதில் சேரும். நிபந்தனை எதுவும் விதிக்கப்படவில்லை என்று கூறித் தப்பிக்கவும் வழியில்லை.

வெளிப்படுத்தும் முறையும் விளக்கப்பட்டுள்ளது. 'விளம்பரம்', 'ஸ்பான்சர் செய்யப்பட்டது' போன்ற எளிய சொற்கள் இருக்க வேண்டும். ஹேஷ்டேக் குவியலுக்கு இடையில் அதைப் புதைக்கக் கூடாது. காணொலியாக இருந்தால் எழுத்திலும் குரலிலும் தெரிவிக்க வேண்டும். நேரலையாக இருந்தால் தொடர்ந்து திரையில் தெரிய வேண்டும். பரிந்துரை எந்த மொழியில் உள்ளதோ அதே மொழியில் அறிவிப்பும் இருக்க வேண்டும். தமிழ்ப் பார்வையாளர்களைப் பொறுத்தவரை இந்தக் கடைசி விதியே முக்கியமானது. 20 நிமிடங்கள் தமிழில் பேசிவிட்டு, விவரக் குறிப்பின் அடியில் ஓர் ஆங்கிலச் சுருக்கெழுத்தை இடுவது விதியை நிறைவேற்றியதாக ஆகாது.

மீறினால், சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி 10 லட்சம் ரூபாய் வரையிலும், தொடர்ந்து மீறினால் 50 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கலாம். பரிந்துரைப்பவர் ஓராண்டு வரை எந்தப் பொருளையும் சேவையையும் பரிந்துரைக்கத் தடை விதிக்கவும், மீண்டும் மீறினால் அதை மூன்றாண்டுகள் வரை நீட்டிக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. கூற்றுகளின் உண்மையை உரிய கவனத்துடன் சரிபார்த்தவருக்குச் சட்டம் விலக்கும் அளிக்கிறது.

நடைமுறை இதற்கு வெகு தொலைவில் உள்ளது. விளம்பரத் துறையின் சுய ஒழுங்குமுறை அமைப்பான இந்திய விளம்பரத் தரநிலைக் கவுன்சில், 2021 ஜூன் 14 முதலே வெளிப்படுத்தல் விதிகளை நடைமுறைப்படுத்தி வருகிறது. நாட்டின் முன்னணி டிஜிட்டல் பிரபலங்கள் 100 பேரின் பதிவுகளை ஆராய்ந்த அக்கவுன்சில், அவர்களில் 69 சதவீதத்தினர் விதிகளை முறையாகப் பின்பற்றவில்லை என்று 2025 பிப்ரவரியில் தெரிவித்தது. புகழின் உச்சியில், சட்ட ஆலோசகர்கள் புடைசூழ இருப்பவர்களின் நிலையே இதுவென்றால், சில ஆயிரம் பேர் பின்தொடரும் சிறு கணக்குகளின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

இலவசத்துக்கும் வரி உண்டு

நுகர்வோர் சட்டம் எட்டாத இடத்தை வருமான வரிச் சட்டம் எட்டுகிறது. தொழில் தொடர்பாக ஒருவர் பொருளாகப் பெறும் ஆதாயங்களின் மதிப்பு ஓராண்டில் 20,000 ரூபாயைத் தாண்டினால், அதில் 10 சதவீதம் வரிப் பிடித்தம் செய்யப்பட வேண்டும் என்ற விதி 2022 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 194ஆர் என்ற பிரிவாக இது சேர்க்கப்பட்டது. பிடித்தம் செய்யும் பொறுப்பு கொடுப்பவருடையது. சிறு வணிகம் நடத்தும் தனிநபர்களுக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு உண்டு.

சமூக ஊடகப் பிரபலங்களைப் பற்றி மத்திய நேரடி வரிகள் வாரியம் 2022 ஜூன் மாதச் சுற்றறிக்கையில் விளக்கம் அளித்தது. காணொலிக்காகப் பெற்ற காரையோ கைபேசியையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் அது ஆதாயம் ஆகாது, வைத்துக்கொண்டால் ஆதாயமே. இந்த அளவுகோலில் பயணம் எங்கு நிற்கிறது? தங்கிய இரவையும் உறங்கிய படுக்கையையும் திருப்பிக் கொடுக்க இயலாது. முன்னர் கூறிய 24,000 ரூபாய் எடுத்துக்காட்டில், விலக்கு பெறாத நிறுவனமாயின், 2,400 ரூபாய் வரி செலுத்தப்பட்டதை அது உறுதி செய்ய வேண்டும். இலவசமாகத் தங்கியவரின் வருமானக் கணக்கிலும் அத்தொகை இடம்பெற வேண்டும். ஒரே ஒரு பேருந்துப் பயணம் வரி வரம்புக்குள் வராமல் போகலாம். ஆனால் நுகர்வோர் விதிகளின்படி அதையும் அறிவித்தே ஆக வேண்டும். அங்கு குறைந்தபட்ச வரம்பு எதுவும் இல்லை.

அரசே அழைக்கும்போது

நிறுவனங்கள் மட்டுமல்ல, மாநில அரசுகளும் இந்தக் களத்தில் உள்ளன. வலைப்பதிவர்களைப் பேருந்தில் அழைத்துச் சென்று மாநிலத்தைச் சுற்றிக் காட்டும் 'கேரளா பிளாக் எக்ஸ்பிரஸ்' திட்டத்தைக் கேரள சுற்றுலாத் துறை 2014ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. அரசுத் திட்டங்களை விளக்கும் காணொலிகளுக்கு, பின்தொடர்வோர் எண்ணிக்கைக்கு ஏற்ப மாதம் 8 லட்சம் ரூபாய் வரை வழங்க வகைசெய்யும் கொள்கைக்கு உத்தரப் பிரதேச அமைச்சரவை 2024 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்தது.

இதில் உள்ள ஆபத்து 2025இல் வெளிப்பட்டது. பாகிஸ்தானுக்காக உளவு பார்த்ததாகக் குற்றம்சாட்டி, ஹரியாணாவைச் சேர்ந்த பயண யூடியூபர் ஒருவரைக் காவல்துறையினர் மே மாதம் கைது செய்தனர். அவர் கேரள சுற்றுலாத் துறையின் விருந்தினராக அம்மாநிலத்தில் பயணம் செய்திருந்தது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கப்பட்ட கேள்விக்குக் கிடைத்த பதிலின் மூலம் ஜூலை மாதம் தெரியவந்தது. அழைக்கப்பட்ட 41 பேரில் அவரும் ஒருவர். அவர்களின் பயணம், தங்குமிடம் உள்ளிட்ட செலவுகளை மாநில அரசு ஏற்றது. நல்ல நோக்கத்துடன் வெளிப்படையாகவே அழைப்பு விடுக்கப்பட்டது என்று சுற்றுலாத் துறை அமைச்சர் பி.ஏ. முகமது ரியாஸ் விளக்கமளித்தார்.

உளவுக் குற்றச்சாட்டு நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டியது. அதனின்று வேறான ஒரு கேள்வி இங்கு எஞ்சி நிற்கிறது. வரிப்பணத்தில் யார் யார் சுற்றுலா சென்றனர் என்ற பட்டியலைப் பெற, பொதுமக்கள் ஏன் தகவல் உரிமை மனு போட வேண்டியிருந்தது? அழைக்கப்பட்டவர்களின் பெயர், செலவு, அவர்கள் வெளியிட்ட காணொலி ஆகியவற்றைத் துறையே தனது இணையதளத்தில் வெளியிடுவதில் எந்தச் சிரமமும் இல்லை.

காணொலியில் காட்டப்படாதவை

விடுதியைப் பற்றிய மிகையான புகழ்ச்சியால் ஏற்படும் இழப்பு சில ஆயிரம் ரூபாயும் ஒரு விடுமுறையும். இரவுப் பேருந்து விஷயத்தில் பணயம் அதைவிடப் பெரிது. 2025 அக்டோபர் 24 அன்று அதிகாலை, ஹைதராபாத்திலிருந்து பெங்களூரு சென்ற தனியார் ஸ்லீப்பர் பேருந்து, ஆந்திரத்தின் கர்னூல் மாவட்டம் சின்னடேகூர் அருகே இருசக்கர வாகனம் ஒன்றை இழுத்துச் சென்றதில் தீப்பிடித்தது. பேருந்தில் இருந்த 19 பயணிகள் உயிரிழந்தனர். இதே இரு நகரங்களுக்கு இடையே 2013 அக்டோபர் 30 அன்று, அன்றைய மகபூப்நகர் மாவட்டத்தின் பாலெம் அருகே எரிந்த சொகுசுப் பேருந்தில் 45 பேர் உயிரிழந்தனர்.

இவ்விபத்துகளுக்கும் சமூக ஊடகப் பிரபலங்களுக்கும் தொடர்பு இல்லை. ஆனால் ஒரு பேருந்தைப் பற்றிப் பயணி அறிய வேண்டியது எது என்பதை அவை உணர்த்துகின்றன. அவசர வழி எங்கே, அதன் முன் படுக்கையோ மூட்டையோ அடைத்துக்கொண்டுள்ளதா, கண்ணாடி உடைக்கும் சுத்தியல் உள்ளதா, தீயணைப்புக் கருவி எட்டும் இடத்தில் உள்ளதா, நெடுந்தூரப் பயணத்துக்கு மாற்று ஓட்டுநர் உண்டா என்பவையே உயிர் காக்கும் விவரங்கள். போர்வையின் மென்மை, சார்ஜிங் வசதி, வண்ண விளக்கு, தண்ணீர் பாட்டில் ஆகியவை கேமராவுக்கு அழகு.

நிறுவனத்தின் விருந்தினராக ஏறியவர், அவசர வழி அடைபட்டுள்ளதைப் படம்பிடிப்பாரா என்பதே கேள்வி. பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் அவரைக் கட்டாயப்படுத்துவதில்லை. அடுத்த அழைப்பு வர வேண்டும் என்ற எண்ணமே போதும்; உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லி வளர்த்த சமூகத்தில், உபசரித்தவரின் குறையைச் சொல்ல நாக்கு எழாது. சொல்லப்பட்டவை அனைத்தும் உண்மையாக இருக்கும்போதே, சொல்லாமல் விடப்பட்டவை பார்வையாளரைத் தவறாக வழிநடத்திவிடும்.

பிரபலங்களின் சொல்லுக்கு மக்கள் எந்த அளவுக்குச் செவிசாய்க்கின்றனர் என்பதை ஹைதராபாத் அறியும். சூதாட்டச் செயலிகளை விளம்பரப்படுத்தியதாக 2025 மார்ச்சில் பஞ்சாகுட்டா காவல் நிலையத்தில் 11 பேர் மீதும், மியாப்பூர் காவல் நிலையத்தில் நடிகர்கள் உட்பட 25 பேர் மீதும் வழக்குகள் பதிவாகின. பின்னர் அமலாக்கத்துறையும் விசாரணையில் இறங்கியது. குற்றம் நிரூபிக்கப்பட வேண்டிய நிலையில்தான் உள்ளது. எனினும், பரிந்துரைத்தவரும் பதில் சொல்ல வேண்டியவரே என்ற கருத்து அவ்வழக்குகளின் மூலம் பொதுவெளியில் நிலைபெற்றது.

மறுபக்கமும் உண்டு

இலவசம் கேட்பவர்கள் அனைவரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. நல்ல பயணக் காணொலிக்குப் பின்னால் உழைப்பு உள்ளது. படப்பிடிப்பு, படத்தொகுப்பு, குரல் பதிவு என ஒரு நிமிடக் காட்சிக்குப் பல மணி நேரம் செலவாகும். விளம்பர நிறுவனத்திடம் கொடுத்தால் பெருந்தொகை கேட்கும் வேலையை, ஓர் இரவு வாடகைக்கு முடித்துக்கொள்ளும் விடுதிகளும் உண்டு. இளம் படைப்பாளிகளைப் பொறுத்தவரை, உழைப்புக்குக் கூலியாக அறையே கிடைக்கிறது. வீட்டு வாடகையை அதைக்கொண்டு கட்ட முடியாது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாததால், காணொலியை நிறுவனம் எத்தனை காலம், எந்தெந்த இடங்களில் பயன்படுத்தலாம் என்பதிலும் அவர்களுக்குப் பிடிமானம் இருப்பதில்லை.

பெரிய செய்தித்தாள்கள் எட்டிப்பார்க்காத சிற்றூர் விடுதியும், பெண்கள் நடத்தும் தங்கும் இல்லமும், மலைக்கிராமத்து உணவகமும் இவர்களால் வெளியுலகுக்குத் தெரியவந்திருப்பதையும் மறுக்க முடியாது. 2022இல் சுமார் 1,275 கோடி ரூபாயாக இருந்த இந்திய இன்ஃப்ளூயன்சர் சந்தை, 2025இல் 2,800 கோடி ரூபாயாக உயரக்கூடும் என்று வழிகாட்டியை வெளியிட்டபோது நுகர்வோர் விவகாரத் துறை மதிப்பிட்டிருந்தது. இத்தனை பெரிய தொழிலைக் கேலியால் ஒழுங்குபடுத்த இயலாது.

இலவசப் பயணத்தில் பத்திரிகைத் துறைக்கும் நெடிய வரலாறு உண்டு. நிறுவனங்களின் அழைப்பில் வெளிநாடு செல்வதும், அரசுகள் வழங்கும் பயணச் சலுகைகளும் செய்தியாளர்களுக்குப் புதியவை அல்ல. அங்கீகாரம் பெற்ற செய்தியாளர்களுக்கு ரயில்வே வழங்கி வந்த 50 சதவீதக் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. நற்பெயர் பெற்ற இதழ்கள் காலப்போக்கில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டன. இன்ன நிறுவனத்தின் அழைப்பின்பேரில் கட்டுரையாளர் அங்கு சென்றிருந்தார் என்ற ஒற்றை வரியைக் கட்டுரையின் அடியில் அச்சிடுவதே அது. எல்லா இதழ்களும் எல்லா நேரமும் அதைக் கடைப்பிடித்ததாகக் கூற முடியாது. ஆயினும் அந்த வரி, வாசகர் கட்டுரையை எடைபோட உதவியது. சமூக ஊடகப் பிரபலங்களிடம் சட்டம் இன்று கேட்பதும் அந்த ஒரு வரியைத்தான்.

பயணிகள் கவனிக்க வேண்டியவை

காணொலியின் தொடக்கத்திலேயே 'விளம்பரம்' அல்லது 'ஸ்பான்சர்' என்ற அறிவிப்பு உள்ளதா என்று பார்க்க வேண்டும். கட்டணம் எவ்வளவு, அதைத் தாமே செலுத்தினாரா என்பதைப் பேசுபவர் கூறுகிறாரா என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு குறைகூடச் சொல்லப்படாத விமர்சனத்தை விளம்பரமாகவே கருதுவது பாதுகாப்பானது. முன்பதிவுத் தளங்களில் சாதாரணப் பயணிகள் எழுதிய குறைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இணையவழி மதிப்புரைகளுக்காக இந்திய தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் கொண்டுவந்த ஐஎஸ் 19000 என்ற தரநிலை, பயண முன்பதிவுத் தளங்களுக்கும் பொருந்தும். பேருந்தில் ஏறியவுடன் அவசர வழி இருக்கும் இடத்தைத் தாமே பார்த்துவைத்துக்கொள்வதற்கு எந்தக் காணொலியும் ஈடாகாது.

இலவசத்தை மறைத்து வெளியிடப்பட்ட பரிந்துரையால் பாதிக்கப்பட்டவர்கள், தேசிய நுகர்வோர் உதவி மையத்தை 1915 என்ற எண்ணில் தொடர்புகொள்ளலாம். மாவட்ட ஆட்சியரிடமோ மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடமோ எழுத்துப்பூர்வமாகவும் மின்னணு முறையிலும் புகார் அளிக்கச் சட்டத்தின் 17ஆவது பிரிவு இடமளிக்கிறது. புகார் அளிக்கும்போது காணொலியின் இணைப்பு, திரைப்பிடிப்பு, முன்பதிவுச் சீட்டு ஆகியவற்றைச் சேர்த்துவைத்தல் அவசியம். காணொலிகள் நீக்கப்படக்கூடியவை, ஆதாரம் கையில் இருந்தால் மட்டுமே புகார் நிலைக்கும்.